மூன்றடி முருகைத் தொட்டிக்கு 165 வொட் எல்.ஈ.டி. விளக்கு: பதினெட்டு மாதப் பாவனையின் பின்

முருகைகள் (பவளங்கள்) வளர்க்கும் எனது தொட்டி மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்டது. ஏறக்குறைய 180 லீற்றர் கடல்நீர் கொள்ளும். கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில், சீலிங் அடிக்காத ஓட்டு வீட்டின் முன்னறையில் அது இருக்கிறது. ஒழுங்கைப் புழுதியையும் ஓட்டு வீட்டு வெக்கையையும் முதலிலேயே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. முருகைத் தொட்டி விளக்குகளைப் பற்றி எழுதுவோரில் அநேகர் குளிரூட்டிய அறையில், மின்சாரம் நின்றுபோகாத நகரத்தில் இருந்து எழுதுகிறார்கள். அவர்கள் நல்லதென்று சொல்லும் விளக்கு இந்த முன்னறையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி.

நான் மதிப்பிடும் பொருள், உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் 'கறுப்புப் பெட்டி' என்று அழைக்கும் சீனத் தயாரிப்பு. மூன்று வொட் எல்.ஈ.டி. மணிகள் 55, ஒரு கறுப்பு உலோகப் பெட்டிக்குள் பதிக்கப்பட்டிருப்பதால் 165 வொட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். சுவரில் செருகும் மின்னளவியை வைத்துப் பார்த்தபோது, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகிகளையும் முழுதாகத் திறந்த நிலையிலும் அது 118 வொட்டுக்கு மேல் இழுக்கவில்லை. இதை மோசடி என்று சொல்லமாட்டேன். மணிகளை அவற்றின் உச்ச வலுவுக்குக் கீழே ஓட்டினால்தான் அவை சூடேறாமல் நீடிக்கும்; ஆனால் வாங்குபவர் 165 என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. 2023இன் கடைசியில் கொழும்புக் கடையொன்றினூடாக வரவழைத்து, பஸ்ஸில் பார்சலாக ஏற்றுவித்து, எல்லாச் செலவும் சேர்த்து 58,000 ரூபா ஆனது. விற்றவர் தொலைபேசியில் சொன்ன சிறப்பு, "இதைவிடப் பிரகாசமான லைற் இந்த விலைக்குக் கிடையாது" என்பது. விளக்கு எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல.

இதற்கு முன் நாலு ரி5 ரியூப் (ஒல்லியான ரியூப் லைற்) கொண்ட சட்டமொன்றை நாலு வருடம் பாவித்தேன். ஒவ்வொன்றும் 39 வொட், மூன்றடி நீளம். இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. ஒளியைப் பரப்பும் அழகில் ரி5ஐ வெல்ல இன்னும் ஒன்று வரவில்லை என்பதே என் எண்ணம். தொட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சீராக விழும். கல்லுக்குக் கீழேகூட நிழல் கறுத்துப் போகாது. ஆனால் ரியூப்கள் மங்கிக்கொண்டே வரும். கண்ணுக்கு அது தெரியாது. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றாவிட்டால் முருகைகள்தான் முதலில் சொல்லும். 2022இல் டொலர் எகிறி, இறக்குமதிகள் நின்றபோது, கடல் தொட்டிக்குரிய நீல ரியூப் ஒன்று தேடி வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன். அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததால், ரியூப் இருந்திருந்தாலும் எரிந்திருக்காது என்பது வேறு விடயம்.

விளக்கைத் தெரிவதற்கு முன் எந்த உயிருக்காக அது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முருகைகளின் தசைக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவின் பெரும்பகுதியை முருகைக்கே கொடுக்கின்றன. நாம் விளக்குப் போடுவது இந்தப் பாசிகளுக்காக. அவற்றுக்குப் பயன்படும் ஒளி 400 முதல் 700 நானோமீற்றர் அலைநீளத்துக்குள் அடங்கும்; ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு அந்த ஒளித்துணிக்கைகள் எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே பி.ஏ.ஆர். என்னும் அளவு. வன்னியின் உச்சி வெயிலில் வெட்ட வெளியில் அது 2,000ஐத் தொடும். காளான் முருகைகளுக்கு 50 முதல் 100 வரை போதும்; மற்ற மென்முருகைகள் 150 வரை சுகமாக இருக்கும்; பெரிய தசை கொண்ட கல்முருகைகளுக்கு 100 முதல் 200 வரை; கிளைகிளையாக வளரும் சிறுதசைக் கல்முருகைகளே 200இலிருந்து 400 வரை கேட்கும்.

இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் வெளிநாட்டு மதிப்புரைகள் எல்லாம் பேசுகின்றன. 'இந்த விளக்கு எஸ்.பி.எஸ். (சிறுதசைக் கல்முருகை) வளர்க்குமா?' என்பதே அங்கே பரீட்சைக் கேள்வி. நமக்கு அது பொருந்தாது. இலங்கைக் கடலில் இருந்து கல்முருகைகளை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி தடை. சிலாவத்துறைப் பக்கத்திலோ வேறெங்கோ சுழியோடிக் கொண்டுவந்து தருவதாக யாராவது சொன்னால் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்துப்போன முருகைகள் நம் கரைகளில் மீண்டெழப் பட்டபாடு போதும். எனது தொட்டியில் இருப்பவை வேறொரு தொட்டிக்காரர் பிரித்துத் தந்த துண்டுகளிலிருந்து பெருகிய காளான் முருகைகள், சிறு பூக்கள் போல விரியும் சோவந்திட்டுகள், ஒரு தோல் முருகை ஆகியவை மட்டுமே. இவற்றுக்கு 150க்கு மேல் எங்கும் தேவையில்லை. ஆகவே 'பிரகாசமானது' என்று விற்றவர் புகழ்ந்த குணம் எனக்கு ஒரு தொல்லை. அதைக் குறைக்க முடிகிறதா என்பதே என் பரீட்சைக் கேள்வியாயிற்று.

இந்தப் பெட்டியில் குறைக்க முடிகிறது. பின்புறத்தில் இரண்டு திருகிகள். ஒன்று நீல மணிகளுக்கு, மற்றது வெள்ளை மணிகளுக்கு. நீல வரிசையில் 450 நானோமீற்றரை ஒட்டிய அரச நீலமும் ஊதாவுக்கு நெருங்கிய சிலவும் உள்ளன. வெள்ளை வரிசையோடு சில சிவப்பும் பச்சையும் கலந்திருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே பூச்சியத்திலிருந்து நூறு வரை கொண்டுபோகலாம். தொலைபேசிச் செயலி கிடையாது, விடியலும் அந்தியும் போல மெல்ல ஏறி இறங்கும் வசதி கிடையாது, நிலவொளி கிடையாது. ரேடியன், ஹைட்ரா, கெசில் போன்ற பெயர் பெற்ற விளக்குகளில் இவற்றில் பெரும்பாலானவை உண்டு. விலையும் பல மடங்கு உண்டு. அவற்றில் ஒன்றின் மின்பலகை பழுதானால் அதை எங்கே திருத்துவது என்று யோசித்தபோதே என் ஆசை அடங்கிவிட்டது. திருகி பழுதானால் கரடிப்போக்குச் சந்தியில் றேடியோ திருத்துபவரிடம் கொண்டுபோகலாம்.

முதல் வாரத்தில் நான் விட்ட பிழையையும் எழுதத்தான் வேண்டும். ரி5ஐக் கழற்றிவிட்டு இதை மாட்டியபோது, நீலத்தை நூறிலும் வெள்ளையை இருபதிலும் வைத்தேன். அறை முன்னையதைவிட இருண்டு தெரிந்ததால், வெளிச்சம் போதவில்லை என்றே நினைத்தேன். நாலாம் நாள் தோல் முருகை தன் இழைகளை உள்ளே இழுத்து மூடிக்கொண்டது. ஆறாம் நாள் மேல்தட்டில் இருந்த சோவந்திட்டுகள் வெளிறின. காளான்கள் சுருங்கி, கல்லை விட்டுக் கழன்று, நிழலான பக்கத்துக்குப் போகப் பார்த்தன. மனிதக் கண் 555 நானோமீற்றரில், பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையில், கூர்மையாகப் பார்க்கும். 450இல் அதன் உணர்திறன் அதில் நூற்றுக்கு நாலு பங்குதான். நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிற நீல ஒளி பாசிக்கு உச்சி வெயிலாக இருக்கக்கூடும். கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளும் லக்ஸ் அளவிச் செயலிகளும் இதே தவறைச் செய்யும். லக்ஸ் என்பதே மனிதக் கண்ணின் பார்வைக்கு ஏற்ப அமைத்த அலகு.

அதன் பிறகுதான் அறிவியல் நகரில் பயிர் ஆராய்ச்சி செய்யும் நண்பரிடம் பி.ஏ.ஆர். மானி ஒன்றை ஒரு சனிக்கிழமைக்கு இரவல் கேட்டேன். நெல்லின் இலைக்குக் கீழே எவ்வளவு வெயில் இறங்குகிறது என்று பார்க்கும் கருவி, முருகைத் தொட்டிக்கும் அதுவே. அத்தகைய மானிகளில் சில பழையவை நீலத்தைக் குறைத்துக் காட்டும் என்பதையும், காற்றில் அளப்பதற்கு அமைத்த உணரியை நீருக்குள் இறக்கினால் அதுவும் குறைத்தே காட்டும் என்பதால் தயாரித்தவர் தரும் திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும் என்பதையும் நண்பர் சொல்லித் தந்தார். நீர் மட்டத்துக்கு மேல் 25 சென்ரிமீற்றரில் பெட்டியைத் தொங்கவிட்டு, நீலம் நூறு, வெள்ளை இருபதில் அளந்தபோது, நடுவில் மேல்தட்டுக் கல்லின் மீது 380 காட்டியது. வெளிறிய சோவந்திட்டுகள் இருந்த இடம் அதுதான். நீலம் நாற்பது, வெள்ளை பத்து என்று இறக்கியபோது மேல்தட்டில் 140, நடு அடித்தளத்தில் 85, இரு பக்க மூலைகளில் 30 என்று வந்தது. இப்போது அந்த நிலையிலேயே ஓடுகிறது. மூன்று கிழமைக்குள் தோல் முருகை விரிந்தது. வெளிறிய சோவந்திட்டுகளில் பாதி பழைய நிறத்துக்கு வந்தன, மீதி போய்விட்டன.

மானி கிடைக்காதவர்கள் முருகையைப் பார்த்தே அறியலாம், பொறுமை வேண்டும். இருபத்தைந்து சதவீத நீலத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்தாக ஏற்றி வர வேண்டும். சோவந்திட்டின் தண்டு நீண்டு, பூ வெளிச்சத்தை நோக்கி எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. காளான் தட்டாக விரியாமல் கிண்ணம் போல ஓரம் சுருண்டு, நிறம் வெளிறினால் ஒளி அதிகம். தோல் முருகை சில நாட்கள் மூடி, மெழுகு போன்ற ஒரு படலத்தை உரித்துவிட்டு மீண்டும் விரிவது அதன் வழக்கம். அதைக் கண்டு திருகியில் கை வைக்கக்கூடாது. நான் வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மூலைகளில் 30 என்று வந்தது இந்த விளக்கின் பெரிய குறை. ஒவ்வொரு மணிக்கும் மேல் ஒடுக்கமான வில்லை இருப்பதால் ஒளி கூம்பாக இறங்குகிறது. ஒரு பெட்டி ஏறக்குறைய இரண்டடிச் சதுரத்துக்குத்தான் கணக்கு. மூன்றடித் தொட்டியின் இரு ஓரங்களும் மங்கலாகவே இருக்கும். பெட்டியை உயர்த்தினால் பரவும், ஆனால் அறைக்குள்ளும் சிதறும். நான் 25இலிருந்து 32 சென்ரிமீற்றருக்கு உயர்த்திப் பார்த்து, முன்னால் இருந்து தொலைக்காட்சி பார்ப்பவர்களின் கண்ணில் குத்துகிறது என்ற புகாரால் மீண்டும் இறக்கினேன். ஓரங்களில் காளான்களை மட்டும் வைத்து ஒருவாறு சமாளிக்கிறேன். சிவப்பு, பச்சை மணிகள் மணலில் வண்ணப் புள்ளிகளாக விழுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளையைப் பத்துக்கு மேல் ஏற்றாதவரை அது அவ்வளவாகத் தெரியாது. மற்றப்படி, நீர் அசையும்போது அடியில் நெளியும் ஒளிக்கோடுகள் ரி5இல் கிடைக்காத காட்சி. இரவில் சோவந்திட்டுகள் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் தணலாய் ஒளிர்வதும் அப்படித்தான். ஒழுங்கையால் போகிறவர்களுக்கு நீல வெளிச்சம் மட்டும் யன்னலில் தெரியும். "மாஸ்ரர், வீட்டில சலூன் திறக்கப் போறியளோ?" என்று அயலவர் ஒருவர் கேட்டார்.

மின்செலவில் மிச்சம் உறுதி. ரி5 நாலும் சேர்ந்து 156 வொட். ஒன்பது மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 42 அலகு. இப்போதைய நிலையில் பெட்டி 52 வொட் இழுக்கிறது. அதே ஒன்பது மணித்தியாலத்துக்கு மாதம் 14 அலகு. நம் நாட்டில் அலகு கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறுவதால், இந்த 28 அலகு வித்தியாசம் பட்டியலின் உயர்ந்த படியிலிருந்தே கழிகிறது.

அதைவிடப் பெரிய இலாபம் வெப்பத்தில். ரி5 சட்டம் நீருக்கு ஒரு சாண் மேலே இருந்து நீரையே சூடாக்கும்; ஏப்பிரலிலும் மேயிலும் பிற்பகல் மூன்று மணிக்கு என் தொட்டி 31 பாகையைத் தாண்டியதுண்டு. முருகைகளுக்கு 25 முதல் 27 வரை சுகம். முப்பதைக் கடந்து நாட்கணக்கில் நின்றால் ஆபத்து. எல்.ஈ.டி. மணிகளும் சூடாகத்தான் செய்யும்; ஆனால் அந்தச் சூட்டை உலோகத் தகடு வாங்கி, விசிறி அதை மேல்நோக்கித் தள்ளிவிடுகிறது. நீரின் மேல் ஒரு சிறு விசிறி வீசவிட்டு, ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த தண்ணீர் ஊற்றி வந்ததோடு சேர்த்து, சென்ற கோடையில் 29க்கு மேல் போகவில்லை. எரியும் நேரத்தையும் நடுப்பகலில் தொடங்காமல் பிற்பகல் இரண்டரையிலிருந்து இரவு பதினொன்றரை வரை மாற்றினேன். முருகைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது என்பது பொருட்டல்ல, நாளுக்கு நாள் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

அந்த ஒரே நேரத்துக்குக் குறுக்கே நிற்பது மின்வெட்டு. பல்லுப்பல்லாகச் செருகும் சுழல் நேரக்கணிப்பியை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மின்சாரம் நின்றால் அதன் கடிகாரமும் நிற்கும். இரண்டு மணித்தியாலம் வெட்டினால், அன்றிலிருந்து விளக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தியே பற்றும், பிந்தியே அணையும். மாரியில் நாலைந்து வெட்டுக்குப் பிறகு என் தொட்டிக்கு நள்ளிரவில் மத்தியானம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே சிறு பற்றரி கொண்ட இலக்கக் கணிப்பி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. மின்வெட்டில் விளக்கைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்; இரண்டு நாள் இருட்டு முருகையைக் கொல்லாது. காற்றுத்தான் அவசரம், பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பியை முதலில் வாங்கிவிட்டு விளக்குக்குக் காசு சேர்க்கட்டும். மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது ரி5 ரியூப்கள் துடித்ததுண்டு. இந்தப் பெட்டி அசையவில்லை.

இனி மனக்குறை. பெட்டியோடு வந்த மின்கம்பியின் முனையில் புவித்தொடுப்பு இல்லாத இரண்டு முனைச் செருகி இருந்தது. விற்ற கடையில் கேட்டதற்கு, நூற்றைம்பது ரூபா அடப்ரர் ஒன்றைப் போடச் சொன்னார்கள். உலோகப் பெட்டி, கீழே உப்புநீர், கையை நீருக்குள் விட்டு வேலை செய்யும் மனிதன். இந்த மூன்றுக்கும் நடுவே புவித்தொடுப்பு இல்லாமல் ஓட்டலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னது என்னால் ஏற்கமுடியாதது. மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மூன்று முனைக் கம்பி மாற்றி, வீட்டின் ட்ரிப் சுவிட்ச் சரியாக விழுகிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்த பின்பே மாட்டினேன். கம்பியை மாற்றியதால் ஒரு வருட உத்தரவாதம் செல்லாது என்று பிறகு அந்தக் கடை சொன்னது. சொல்லட்டும்.

மணிகள் ஐம்பதாயிரம் மணித்தியாலம் எரியும் என்று பெட்டியில் இருக்கிறது. நாளுக்கு ஒன்பதென்றால் பதினைந்து வருடம். அதுவரை மற்றப் பாகங்கள் நிற்குமா என்பதுதான் கேள்வி. பதினோராம் மாதத்தில் இரண்டு விசிறிகளில் ஒன்று கரகரத்து நின்றது. கழற்றிப் பார்த்தால் கிரவல் புழுதியும் உப்பும் சேர்ந்து சீமெந்து போல இறுகியிருந்தது. கணினி திருத்தும் கடையில் அதே அளவில் 12 வோல்ட் விசிறி வாங்கி, இரண்டு கம்பிகளை ஒட்டியதோடு வேலை முடிந்தது. இப்போது மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுகிறேன், வில்லைகளின் மேல் படியும் உப்புப் பூச்சையும் ஈரத்துணியால் துடைக்கிறேன். அந்தப் பூச்சு ஒளியை மெல்லத் தின்னும். நீரின் நிறமும் அப்படியே: மாரியில் நந்திக்கடல் வெள்ளம் கடலுக்குள் வடியும் நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் எடுத்த நீர் தேநீர்ச் சாயலாக இருக்கும், அந்த மஞ்சள் முதலில் விழுங்குவது நீலத்தையும் ஊதாவையும்தான். கரி வடிகட்டி போட்டுத் தெளிய வைக்காமல் திருகியை ஏற்றுவது வீண்.

திரும்பவும் வாங்குவதென்றால் இந்த வகையையே வாங்குவேன். ஆனால் இதையே வாங்கமாட்டேன். பாதி வலுவுள்ள சிறு பெட்டிகள் இரண்டை வாங்கி இரு பக்கமும் தொங்கவிட்டிருந்தால் மூலைகள் தப்பியிருக்கும், ஒன்று பழுதானாலும் மற்றது எரியும். இரண்டடித் தொட்டிக்காரருக்கு இந்த ஒரு பெட்டி மிகையாகவே போதும். ஒன்றிரண்டு காளான்களும் கோமாளி மீனும் மட்டும் வைத்திருப்பவர் இவ்வளவு செலவழிக்கவே தேவையில்லை. வெள்ளை எல்.ஈ.டி. என்பதே நீல மணியின் மேல் மஞ்சள் ஒளிரி பூசியதுதான். ஆகவே ஹார்ட்வெயார் கடை வெள்ளை விளக்கிலும் காளான் பிழைத்துக்கொள்ளும், நிறம்தான் எடுபடாது, கண்ணாடியில் பாசியும் சற்று அதிகம்.

ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு வரும் அந்தச் சில இரவுகளுக்கு மட்டும் என்னிடம் தனி அட்டவணை இருக்கிறது. நீலமும் ஊதாவும் ஈசலை இழுப்பதுபோல வேறெந்த வெளிச்சமும் இழுப்பதில்லை. சென்ற வருடம் ஒரே இரவில் நீர்ப்பரப்பு முழுவதும் சிறகாக மிதந்தது, மீன்கள் வயிறு புடைக்கத் தின்றன, அடுத்த கிழமை முழுவதும் பாசி. இப்போது மழை இருட்டிக்கொண்டு வந்தால், நேரக்கணிப்பியைக் காலை எட்டரைக்குத் திருப்பி, மாலை ஐந்தரைக்கே விளக்கை அணைத்துவிடுகிறேன்.